பிரேக் வாத்தியாரின் இருபத்தொரு நாள் அமைதி

என் வீட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில், இனிமேல் யார்மேலும் கோபப்படுவதில்லை என்று முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை, அந்த முடிவைக் கேட்டுச் சிரித்ததற்காக என்மேல் கோபப்பட்டார். புதன்கிழமை சாயங்காலம் போய் மூச்சுத் தியான வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

அவர்மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. தொழில் அப்படி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் அவர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கைப் பதினொரு வருஷமாக மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் தனி ஆளாகவே ஆகிவிட்டது. தூக்கத்தில் மிதிக்கும். டிவியில் கார் வந்தால் மிதிக்கும். "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று நான் ஆரம்பித்தாலே மிதிக்கும். தெருவில் எல்லாருக்கும் அவர் பிரேக் வாத்தியார்தான். எங்கள் மகள் வாண்டுக்கு இரண்டு வயது. அப்பாவைப் பார்த்து நடை பழகியதால், அதுவும் மூன்று அடிக்கு ஒருதரம் தரையை ஓங்கி மிதித்து நிற்கிறது.

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "ஊருக்கெல்லாம் பிரேக் போடறீங்க, உங்களுக்குத்தான் பிடிக்கல" என்றாராம். அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. அதனால்தான் வகுப்பு.

வகுப்பு எடுப்பவர் ஒரு புத்த பிக்குணி. மொட்டைத் தலை, காவி உடை. என் வயதுதான் இருக்கும். வகுப்பிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்த என் வீட்டுக்காரர், நேராகச் சமையலறைக்கு வந்து அறிவித்தார்.

"இங்க பாரு, நாளையிலேர்ந்து காலை ஆறு மணிக்கு நான் உட்காரப் போறேன். முக்கால் மணி நேரம்."

"அந்த நேரத்துல படுத்துத்தானே இருப்பீங்க. உட்கார்றது முன்னேற்றம்தான்."

"கேலி பண்ணாதே. மூச்சு உள்ள போகுது, வெளிய வருது. அதை மட்டும் கவனிக்கணும்."

"பால் பொங்குது. அதையும் சேத்துக் கவனிக்கலாமா?"

"அதுதான் மனசு அலையுறது. அலைஞ்சா மறுபடி மூச்சுக்கு வந்துடணும்."

அவர் மூச்சுக்கு வந்தார். பால் அடுப்புக்கு வந்தது. நான் துணி எடுத்துத் துடைத்தேன்.

விஷயம் என்னவென்றால், இருபத்தொரு நாள் விடாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம். அலமாரிக் கதவில் இருபத்தொரு கட்டம் போட்ட தாளை ஒட்டிவைத்தார். முதல் கட்டத்தில் டிக் போட்டபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஞானம் வந்தவர்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

முதல் நாள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார். வாண்டு மடியில் ஏறி, மூச்சு எங்கே இருக்கிறதென்று மூக்குக்குள் விரல் விட்டுத் தேடியது. அவர் அசையவில்லை. சும்மா இருக்கிறாரே என்று நானும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். குழாய் ஒழுகுகிறது, மாடி பல்பு போய்விட்டது, எனக்கு ஓட்டுநர் தேர்வுத் தேதி வந்துவிட்டது.

எழுந்ததும் கேட்டேன். "சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஆனா உட்கார்ந்திருக்கும்போது வந்ததை எழுந்த பிறகு தூக்கிட்டுத் திரியக் கூடாது. அது மூச்சோட போச்சு."

"குழாயுமா போச்சு?"

"எல்லாமே."

"அப்ப உட்காராத நேரத்துல சொல்றேன். குழாய் ஒழுகுது."

"இன்னிக்கு முடியாது. என்மேலயே நான் கருணையா இருக்கப் பழகுறேன். நண்பன்கிட்ட நடந்துக்கிற மாதிரி நம்மகிட்டயே நடந்துக்கணுமாம்."

நண்பனுக்குக் குழாய் ரிப்பேர் வேலை கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குழாய் கிடக்கட்டும், பல்பும் கிடக்கட்டும். தேர்வுத் தேதிதான் என் உயிர்ப் பிரச்சினை. வாண்டு பிறப்பதற்கு முன்னால் நான் ஒரு செடிப் பண்ணையில் வேலை பார்த்தேன். பதியன் போடுவேன், தொட்டி மாற்றுவேன், எந்தச் செடிக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று பார்த்தாலே சொல்வேன். பண்ணைக்காரம்மா மறுபடி கூப்பிட்டார். இந்தத் தரம், சின்ன வண்டியில் செடிகளை ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கி நட்டுக்கொடுத்து வரும் வேலை. எனக்கென்றே செய்துவைத்த மாதிரி. "ஆனா மாசக் கடைசிக்குள்ள லைசன்ஸ் வேணும்மா. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

பிரேக் வாத்தியார் பெண்டாட்டிக்கு லைசன்ஸ் இல்லை. மூன்று தரம் பழகுநர் உரிமம் வாங்கி, மூன்றும் காலாவதி ஆகிவிட்டது. இப்போது கையில் இருப்பது நாலாவது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாடம் நடந்தது. பயிற்சிக்காக வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூம்பை நான் இடித்தேன். அவர் போட்ட சத்தத்தில் வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது என்று நான் சொல்வேன். இல்லை, நான்தான் பயத்தில் தவறான சுவிட்சைத் தட்டினேன் என்று அவர் சொல்வார். எப்படியோ, நான் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. அவருடைய ஓட்டுநர் பள்ளியில் வேலை பார்க்கும் இன்னொரு வாத்தியாரைக் கேட்டதற்கு, "அண்ணி, உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தா அண்ணன் என் கழுத்தை மிதிச்சுடுவாரு" என்று கும்பிட்டு ஓடிவிட்டார்.

"என்னங்க, தேர்வுக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"இருபத்தொரு நாள் முடியட்டும். மனசு பக்குவமாயிடும். அப்புறம் கத்தாமக் கத்துக் கொடுக்கறேன்."

"தேர்வு இருபத்திரண்டாவது நாள்ங்க."

"அப்படியா? அடடா! அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அந்த 'அடடா'வில் சோகத்தைவிட நிம்மதி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மனிதர் மூச்சுக்குள் ஒளிந்துகொள்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தையல்காரக்காவிடம் போய்ப் புலம்பினேன். அக்கா தைத்துக்கொண்டே கேட்டார். வாயில் ஊசி இருந்ததால் பேச்சு பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது.

"முக்கால் மணி நேரம் வாயே திறக்க மாட்டாரா?"

"மாட்டாரு."

"நீ என்ன பண்ணாலும்?"

"என்ன பண்ணாலும்."

"எழுந்ததுக்கப்புறமும் அதைப் பத்திப் பேச மாட்டாரா?"

"மூச்சோட போச்சும்பாரு."

அக்கா மெஷினை நிறுத்தினார். ஊசியை எடுத்துத் துணியில் குத்தினார். "தங்கச்சி, உலகத்துல எந்தப் பொம்பளைக்கும் கிடைக்காத முக்கால் மணி நேரம் உனக்குக் கிடைச்சிருக்கு. நீ இங்க உட்கார்ந்து அழுதுட்டிருக்க."

மறுநாள் நான் நல்ல மனைவியாக ஆனேன். "பாவம்ங்க நீங்க. வாண்டு உங்களை உட்காரவே விட மாட்டேங்குது. பேசாம பின்னாடி மைதானத்துல நம்ம பயிற்சி வண்டி நிக்குதே, அதுல போய் உட்காருங்க. கதவைச் சாத்திட்டா ஒரு சத்தம் வராது."

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் பள்ளியின் பயிற்சி மைதானம். கம்பி வேலி போட்டது. எட்டு மணிக்குத்தான் ஆள் வரும். அவருக்கு யோசனை பிடித்துவிட்டது. போய், பதினொரு வருஷப் பழக்கத்தில் வாத்தியார் சீட்டிலேயே உட்கார்ந்தார். இரண்டாம் நாள் டிக். மூன்றாம் நாள் டிக்.

நாலாம் நாள், அக்காவைத் தூங்கும் வாண்டுக்குக் காவல் வைத்துவிட்டு நானும் போனேன். ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்தினேன். அரைக்கண்ணால் பார்த்தார். "எனக்கும் கொஞ்சம் அமைதி வேணும்ங்க" என்றேன். யார் வேண்டாமென்பார்கள்? சொல்ல வாயும் திறக்க முடியாதே.

ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினேன். "புழுக்கமா இருக்குங்க. கொஞ்சம் ஏசி."

ஆறாம் நாள் முதல் கியர் போட்டேன்.

அவருடைய மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. வலது கால் மட்டும் சட்டென்று இறங்கியது. வண்டி தூக்கிப்போட்டு அணைந்தது. நான் பொறுமையாகச் சொன்னேன். "மூச்சைக் கவனிக்கிறவங்களுக்குக் கால்ல என்னங்க வேலை? வகுப்புல சம்மணம் போட்டுத்தானே உட்காரச் சொன்னாங்க?"

அவருக்கு ரோஷம் அதிகம். அந்த முறைப்பு இருக்கிறதே! என்னை முறைத்தபடியே செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் சீட்டின்மேல் ஏற்றிச் சம்மணம் போட்டார். பிரேக் வாத்தியாரின் கால் பிரேக்கை விட்டுப் பிரிந்தது அன்றைக்குத்தான்.

ஆறே முக்கால் ஆனதும் வாயைத் திறந்தார். "ஏய்! நீ என்ன..."

"உட்கார்ந்திருக்கும்போது வந்ததுங்க. மூச்சோட போச்சு."

திறந்த வாயோடு வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார். பிறகு உள்ளே போய் டிக் போட்டார். பென்சில் முனை உடையும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

இப்படித்தான் என் படிப்பு ஆரம்பமானது. பேசாத வாத்தியாரிடம் எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். மூச்சு இருக்கிறதே! கிளட்சை அவசரமாக விட்டால் அவர் மூச்சு 'ஹக்' என்று உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும். கியரைக் கரகரவென்று தள்ளினால் மூக்கிலிருந்து ஒரு சீறல். கண்ணாடி பார்க்காமல் திருப்பினால் குட்டிக் குட்டியாக நாலு மூச்சு. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நீளமாக, நிதானமாக, கடற்கரைக் காற்று மாதிரி ஒன்று வரும். அந்த நீள மூச்சுக்காக நான் உயிரை விட்டு ஓட்டினேன். கத்தியிருந்தால் ஒரு மாசத்தில் புரியாதது, மூச்சில் ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. கத்தலில் எது தப்பு என்றே தெரியாது. மூச்சில் துல்லியமாகத் தெரியும்.

ஒன்பதாம் நாள் வண்டி வரிசையாக ஆறு தரம் அணைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "மரமண்டை, மரமண்டை, உனக்கெல்லாம் எதுக்கு வண்டி" என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் தாள் புரளும் சத்தம். அவர் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பிரித்து, ஒரு வரிக்குக் கீழே விரல் வைத்து என் பக்கம் நீட்டினார். 'மனம் விலகிப் போனால் திட்டாதே. போனது தெரிந்ததே நல்லது. மறுபடி ஆரம்பி.' அவ்வளவுதான். மறுபடி சாவியைத் திருப்பினேன். திட்டாமல் திருப்பினேன். ஏழாவது தரம் வண்டி போனது.

அதற்காக அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பத்தாம் நாள் வகுப்புக்குப் போய்ப் பிக்குணியிடம் முறையிட்டிருக்கிறார். வந்ததும் அவரே சொன்னார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"அம்மா, தியானத்துல பெரிய தொந்தரவா இருக்குன்னேன். எந்த இடத்துல தொந்தரவுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கிளட்சுலன்னேன்."

"அப்புறம்?"

"முழுக் கதையும் கேட்டு, தரையில உருண்டு சிரிச்சாங்க. பதினாலு பேர்ல பத்து பேர் விட்டுட்டாங்களாம். இவ்வளவு சோதனையிலயும் விடாம இருக்கற நீங்கதான் வகுப்புக்கே உதாரணம்னு எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வெச்சாங்க."

அவ்வளவுதான், மனிதர் மாட்டிக்கொண்டார். உதாரணமாகிவிட்டவர் இனி எப்படி வாய் திறப்பார்?

வாய் திறக்கவில்லை. வேறு வழி பார்த்தார். பதிமூன்றாம் நாள் வண்டியில் ஏறவே இல்லை. புத்தகத்தில் நடைத் தியானம் என்று ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு அடியாக எடுத்து, வைத்து, மூச்சோடு நடப்பது. வண்டிக்கு முன்னால் மைதானத்தின் நடுவில் நின்று, திரும்பி என்னைப் பார்த்து ஒரு புன்னகை வேறு. பிறகு நடக்க ஆரம்பித்தார்.

நான் முதல் கியரில் பின்னாலேயே போனேன்.

வண்டியை வேகமாக ஓட்டுவது பெரிசில்லை. மெதுவாக ஓட்டுவதுதான் வித்தை. பாதிக் கிளட்சில், அணையாமல், துள்ளாமல், ஆள் நடக்கிற வேகத்தில் கொண்டுபோவதற்கு மற்றவர்கள் மாசக்கணக்கில் தவம் கிடப்பார்கள். எனக்கு முன்னால் ஒரு ஞானி ஆமை மாதிரி நடந்துகொண்டிருந்தார். பத்தடி தள்ளி நான். அவர் திரும்பினால் திரும்பினேன். நின்றால் நின்றேன். கடுப்பில் ஓரமாக இருந்த மேட்டில் ஏறினார். மேட்டில் வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி எடுக்கவும் கற்றுக்கொண்டேன். கடைசியில் என்னை உதறிவிடலாம் என்று கூம்புகளுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி வந்தார். அதுதான் தேர்வில் போட வேண்டிய எட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர்.

"என்னடி இது, வாத்தியாரை வண்டி துரத்துது?"

"துரத்தல. மேய்க்குது" என்றார் அக்கா.

இருபத்தொன்றாம் நாள் கடைசி டிக் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பயந்துபோயிருந்தேன். விரதம் முடிந்துவிட்டது. சேர்த்துவைத்த கத்தலெல்லாம் இன்றைக்குக் கொட்டுமோ என்று. அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி உன்மேல கத்தினேன்ல."

"ஆமா."

"மத்த எல்லாத்துக்கும் என்னை நானே மன்னிச்சுப் பழகிட்டேன். அதுக்கு மட்டும் முடியல. மறுபடி பக்கத்துல உட்கார்ந்தா மறுபடி கத்திடுவேனோன்னுதான்..."

"அதுக்கா இவ்வளவு சுத்து? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கு ராத்திரியே மன்னிச்சிருப்பேனே!"

"கேக்கத் தோணலையே."

"இப்ப கேளுங்க."

கேட்டார். மன்னித்தேன். அந்தச் சூட்டிலேயே குழாயையும் சரிபண்ணவைத்தேன்.

மறுநாள் தேர்வு. வண்டியில் அதிகாரி மட்டும்தான் ஏறுவார். வாத்தியாருக்கு இடம் கிடையாது. அவர் தேர்வு மைதானத்து வேலிக்கு வெளியே நின்றார். எட்டு வந்தது, ரிவர்ஸ் வந்தது. மேட்டில் பாதியில் நிறுத்தச் சொன்னார் அதிகாரி. நிறுத்தினேன். எடுக்கும்போது வண்டி அணைந்துவிட்டது.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் மூச்சு இல்லை. இல்லை, இருக்கிறது, ஆனால் அது அதிகாரியின் மூச்சு. அதில் எனக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. இரண்டு வாரமாக நான் ஓட்டியது வண்டியை இல்லை, என் வீட்டுக்காரர் மூக்கை என்று அப்போதுதான் உறைத்தது. பண்ணை, செடிகள், சின்ன வண்டி எல்லாம் அந்த மேட்டிலிருந்து பின்னால் உருள்கிற மாதிரி இருந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது, மூக்கு எனக்கும் ஒன்று இருக்கிறதே என்று.

உள்ளே போனது. வெளியே வந்தது. திட்டவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். கிளட்ச், பாதி, கொஞ்சம் ஆக்சிலேட்டர். வண்டி மேட்டில் ஏறியபோது நீளமாக ஒரு மூச்சு வந்தது. அது என்னுடையது.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலியோரம் நின்றவரைக் கூப்பிட்டார். "நீங்கதான் சொல்லிக் கொடுத்ததா? அணைஞ்சதும் எல்லாரும் பதறுவாங்க. இவங்க பதறவே இல்லையே. என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லல சார்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாழ்க்கையில் சொன்ன சுத்தமான உண்மை அது. அதிகாரி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை குலுக்கினார்.

அன்று பூராவும் அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். இருபத்தொரு நாள் பாக்கி. கிளட்சைப் பற்றி, கண்ணாடியைப் பற்றி, நான் பதினொன்றாம் நாள் செய்த தப்பைப் பற்றி. நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். லைசன்ஸ் கிடைக்கப்போகிறவளுக்குக் காது தாராளமாக இருக்கும். "நாளையிலேர்ந்து வாயைத் திறந்து வேலை பாக்கப் போறேன். அடடா, அதுல ஒரு சுகம் இருக்கு" என்றார்.

மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் ஆறு மணிக்கே, தொண்டையைச் செருமிக்கொண்டு, உற்சாகமாக மைதானத்துக்குப் போனார். நானும் வாண்டோடு பின்னால் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக ஏழு பெண்கள், கையில் ஆளுக்கொரு பழகுநர் உரிமம். ஓட்டுகிறவர் சீட்டில் தையல்காரக்கா, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"வாங்க தம்பி. ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்து மூச்சு மட்டும் விடுங்க."